முதல் படியில் விடுபட்டவை

‘எந்தக் கேமரா வாங்கலாம்?’ என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் இரண்டு பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். ஒன்று கேனானாக இருக்கும், மற்றொன்று நிக்கானாக இருக்கும். இரண்டையும் அருகருகே நிறுத்திய ஒப்பீட்டுப் பட்டியலையும் படித்திருப்பார்கள். மெகாபிக்சல் எத்தனை, விநாடிக்கு எத்தனை படம், குவியப் புள்ளிகள் எத்தனை, திரை எத்தனை அங்குலம். ஒரு மாதச் சம்பளத்தை, சிலர் அதற்கும் மேலானதை, இந்தப் பட்டியலை நம்பிச் செலவிடுகிறார்கள். இரண்டு ஆண்டுகளில் அந்தக் கேமரா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. சோழர் காலக் கோயில்களைச் சுற்றிப் படமெடுக்க வேண்டும், ஊரில் இருக்கும் பாட்டியின் முகத்தை நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பதிந்துவிட வேண்டும் என்ற எண்ணமும் அதனுடன் மேல்தட்டுக்குப் போகிறது. இழப்பு பணம் மட்டும் அல்ல என்பதால்தான் இதைப் பற்றி எழுதத் தோன்றியது.

ஒப்பீட்டுப் பட்டியல்கள் பொய் சொல்வதில்லை. ஒரு கேமராவில் என்னென்ன இருக்கின்றன என்பதை ஒழுங்காகவே சொல்கின்றன. என்னென்ன எடுக்கப்பட்டுவிட்டன என்பதை மட்டும் அவை சொல்வதில்லை. தொடக்கநிலை டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவைத் தேர்வது, அதில் உள்ளவற்றைக் காட்டிலும் அதிலிருந்து நீக்கப்பட்டவற்றைப் பார்த்துச் செய்யவேண்டிய காரியம் என்பது என் கட்சி.

இந்த வகைக் கேமராவின் வரலாறே அப்படித்தான் இருக்கிறது. 1975-இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா 100-க்கு 100 புள்ளிகள் கொண்ட படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. 1991-இல் அதே கோடாக், நிக்கான் எஃப்3 கேமராவின் முதுகில் 1.3 மெகாபிக்சல் சென்சாரைப் பொருத்தி விற்றது. படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தனியாகத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். 1999-இல் நிக்கான் டி1 வந்தது. இவையெல்லாம் செய்தி நிறுவனங்களும் பெரும் பத்திரிகைகளும் மட்டுமே வாங்கக்கூடியவை. சாதாரண மனிதருக்குக் கதவு திறந்தது 2003 ஆகஸ்டில். கேனான் இ.ஓ.எஸ். 300டி, 6.3 மெகாபிக்சல், உடல் மட்டும் 899 டாலர். ஆயிரம் டாலருக்குள் அமைந்த முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். அதுதான்.

அந்த விலை எப்படிச் சாத்தியமாயிற்று? உலோக உடலுக்குப் பதில் பிளாஸ்டிக், கண்ணாடிப் பட்டகத்துக்குப் பதில் ஆடிகள். இவை நியாயமான சிக்கனங்கள். ஆனால் இன்னொன்றும் நடந்தது. அதே ஆண்டில் அதைவிட அதிக விலையில் வந்த 10டி கேமராவின் சென்சார் வகையைத்தான் 300டியும் கொண்டிருந்தது. அதில் செய்யக்கூடிய சில காரியங்கள் மென்பொருளால் பூட்டப்பட்டிருந்தன. ஆர்வலர்கள் சிலர் அந்த மென்பொருளை மாற்றியமைத்தபோது, ஃபிளாஷ் ஒளியளவைத் திருத்துவது போன்ற வசதிகள் ஒன்றொன்றாக வெளியே வந்தன. ஏற்கெனவே உள்ளே இருந்தவைதான். கொடுப்பதற்குச் செலவில்லாத ஒன்றையும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள், மேல்படியில் இருக்கும் கேமராவை விற்க வேண்டுமே!

‘தொடக்கநிலை’ என்ற சொல்லை இந்த வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். தொடக்கம் வாங்குபவருடையது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது விற்பவரின் படிக்கட்டில் முதல் படி. கற்கத் தொடங்குபவருக்கு எது தேவை என்று யோசித்திருந்தால் பிரகாசமான, பெரிய காட்சித்துளையை அல்லவா முதலில் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்? துளையின் அளவுக்கு ஒரு சக்கரம், ஷட்டர் வேகத்துக்கு ஒரு சக்கரம் என்று இரண்டு சுழற்சக்கரங்களை அல்லவா கொடுத்திருக்க வேண்டும்? இரண்டுக்கும் உள்ள உறவு விரல்களுக்குப் புரிந்தால் மூளைக்கும் புரிந்துவிடும். ஆனால் முதல் படியில் உள்ள கேமராக்களில் பெரும்பாலும் ஒரே சக்கரம்தான். இன்னொரு பொத்தானை அழுத்திக்கொண்டு அதே சக்கரத்தைச் சுழற்றவேண்டும். காட்சித்துளை சிறியது, சற்று மங்கல். சட்டகத்தின் 95 விழுக்காட்டைத்தான் காட்டும். தெரிந்தவருக்கு எளிய கருவி, தெரியாதவருக்குக் கடினமான கருவி என்ற விசித்திரம் இது.

நீக்கல் ஒருமுறையோடு நிற்கவும் இல்லை. 2005-இல் வந்த நிக்கான் டி50-இல் லென்ஸின் குவியத்தை ஓட்டும் மோட்டார் கேமரா உடலுக்குள்ளேயே இருந்தது. 2006-இல் வந்த டி40-இல் அது இல்லை. விளைவாக, உள்ளே மோட்டார் இல்லாத பழைய, மலிவான, நல்ல லென்ஸ்கள் பல அந்தக் கேமராவில் தானாகக் குவியாது, கையால் திருப்பிக் குவிக்க வேண்டியதுதான். 2014-இன் டி3300-இல் ஒலிவாங்கி இணைக்கும் துளையும், சென்சார் மீது படியும் தூசியை அதிர்வால் உதறும் வசதியும் இருந்தன. 2016-இன் டி3400-இல் இரண்டும் போயின. 2018-இன் டி3500-இல் தொலைவிசை வசதியும் போயிற்று. மூன்றில் எது ‘புதியது’ என்று கேட்டால் பதில் எளிது. எதில் அதிகம் இருக்கிறது என்று கேட்டால் பதில் தலைகீழ்.

கேனான் பக்கமும் கதை இதுவேதான். 2018-இல் வந்த 4000டி கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையமே பிளாஸ்டிக். 2019-இல் வந்த 250டி, இந்தியாவில் 200டி மார்க் 2 என்ற பெயரில் விற்கப்பட்டது. அதன் தலையில் ஃபிளாஷ் பொருத்தும் காலணியின் நடுவில் இருக்கவேண்டிய ஒரு சிறிய மின்தொடுப்புப் புள்ளி இல்லை. பல பத்தாண்டுகளாக எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக இருந்துவந்த புள்ளி அது. அது இல்லாததால் வேறு நிறுவனங்களின் மலிவான ஃபிளாஷ் விளக்குகளில் பல அங்கே எரியாது. இந்த ஒரு பொட்டு உலோகம் எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் இடம்பெற்று நான் பார்த்ததில்லை.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்துவிடுவோம். நீக்கினார்கள், அதனால்தான் விலை குறைந்தது, அதனால்தான் நம்மைப் போன்றவர்கள் கையில் இந்தக் கருவி வந்தது என்பது மறுக்க முடியாத வாதம். எடையும் குறைந்தது. டி3500 பேட்டரியோடு 415 கிராம்தான். வீட்டில் இருக்கும் கனமான கேமராவைவிடத் தோள்பையில் இருக்கும் இலேசான கேமரா மேலானது. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: சென்சாரின் தரத்தில் பெரும்பாலும் கை வைக்கவில்லை. ஒரே தலைமுறையைச் சேர்ந்த முதல்படிக் கேமராவையும் மூன்றாம்படிக் கேமராவையும் முக்காலியில் நிறுத்தி, ஒரே லென்ஸால், ஒரே காட்சியை எடுத்தால் இரண்டு படங்களையும் பிரித்தறிவது கடினம்.

எல்லோரும் முதலில் ஒப்பிடுவதோ இந்தச் சென்சாரைத்தான், அதிலும் மெகாபிக்சல் எண்ணிக்கையை. கணக்கைப் பார்ப்போம். பழைய டி40-இன் படம் 3008-க்கு 2000 புள்ளிகள், அதாவது 6 மெகாபிக்சல். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 10-க்கு 6.7 அங்குலம். நம் சிற்றிதழ் ஒன்றின் அட்டையை முழுமையாக நிரப்பிவிடும். 24 மெகாபிக்சல் என்பது அதைப்போல் நான்கு மடங்கு என்று விளம்பரம் சொல்லும். பரப்பில் நான்கு மடங்கு, ஆனால் நீளத்தில் இரண்டு மடங்குதான். 24-க்கும் 26-க்கும் உள்ள வேறுபாடு நீளத்தில் நான்கு விழுக்காடு. அதற்காக ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சென்சாரின் பரப்பைப் பார்ப்பது பயனுள்ளது. முதல்படி நிக்கான்களின் சென்சார் 23.5-க்கு 15.6 மி.மீ., கேனானுடையது 22.3-க்கு 14.9 மி.மீ. கைப்பேசிகளின் சென்சாரைவிடப் பல மடங்கு பெரியது. இந்தக் குறையைக் கைப்பேசி கணக்கீட்டால் ஈடுகட்டுகிறது. ஒரு படம் எடுப்பதாக நாம் நினைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து, அடுக்கி, இருட்டை வெளிச்சமாக்கி, தோலை மெருகேற்றி, ஒன்றாக்கித் தருகிறது. 2023-இல் ஒரு நிறுவனத்தின் கைப்பேசி, வேண்டுமென்றே மங்கலாக்கப்பட்ட நிலவுப் படத்தை எடுத்தபோது அதில் இல்லாத மேடுபள்ளங்களைச் சேர்த்துக் கொடுத்தது பெரிய விவாதமாயிற்று. நான் கைப்பேசிக்கு எதிரியல்லன். பேருந்துச் சீட்டைப் படமெடுக்க அது போதும். ஆனால் பாட்டியின் முகத்துச் சுருக்கங்கள் எத்தனை இருக்கவேண்டும் என்பதை ஒரு நிரல் முடிவு செய்வதில் எனக்குச் சம்மதமில்லை. டி.எஸ்.எல்.ஆரின் ‘ரா’ கோப்பு, ஒரு கணத்தில் விழுந்த ஒளியின் கிட்டத்தட்டக் கலப்பில்லாத பதிவு. ஜே.பெக். கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளை வைத்திருக்கிறது, 12 பிட் ரா கோப்பு 4096 படிநிலைகளை. அதை எப்படித் துலக்குவது என்ற முடிவு நம்மிடம் இருக்கிறது. எழுத்தாளனுக்குக் கைப்பிரதி எப்படியோ அப்படி இது.

இனி லென்ஸ். பெட்டியோடு வரும் 18-55 லென்ஸை இகழ்வது ஒரு நாகரிகமாகிவிட்டது. பகல் வெளிச்சத்தில், எஃப் 8 அளவில், அது கொடுக்கும் படம் நன்றாகவே இருக்கும். அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. 55 மி.மீ. முனையில் அதன் துளை எஃப் 5.6-ஐவிடப் பெரிதாகத் திறக்காது. எஃப் 1.8 வரை திறக்கும் ஒரு லென்ஸ் அதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். கருங்கல் மண்டபம் ஒன்றின் அரையிருட்டில் இதன் பொருள் என்ன? முன்னதில் ஆறில் ஒரு பங்கு விநாடி ஷட்டரைத் திறந்துவைக்க வேண்டிய இடத்தில், பின்னதில் அறுபதில் ஒரு பங்கு விநாடி போதும். ஆறில் ஒரு பங்கில் கை நடுங்கும், தூணருகே நிற்கும் மனிதர் அசைந்துவிடுவார். அறுபதில் ஒரு பங்கில் அவர் நிற்பார், நாமும் நிற்போம். எந்தக் கேமரா உடலை மாற்றினாலும் இவ்வளவு பெரிய வேறுபாடு கிடைக்காது.

எந்த லென்ஸ் என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. ‘முதலில் 50 மி.மீ. வாங்கு’ என்பது படச்சுருள் காலத்திலிருந்து வழிவழியாக வரும் அறிவுரை. கார்த்தியே-பிரேசோன் வாழ்நாளின் பெரும்பகுதியை 50 மி.மீ. லென்ஸோடு கழித்தவர் என்பதையும் உடன் சேர்த்துச் சொல்வார்கள். அவருடைய லைக்காவில் இருந்தது 36-க்கு 24 மி.மீ. சட்டகம். நம் சிறிய சென்சாரில் அதே 50, நிக்கானில் 75 போலவும் கேனானில் 80 போலவும் நடந்துகொள்ளும். நம் வீட்டுக் கூடத்தில் இருவரைச் சேர்த்து எடுக்க வேண்டுமானால் முதுகு சுவரில் முட்டும். அந்த அறிவுரையின் உட்பொருளைப் பின்பற்ற விரும்புபவர் நிக்கானுக்கு 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைத் தேடவேண்டும், கேனானுக்கு 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸை. முகங்களை மட்டுமே எடுப்பேன் என்பவருக்கு 50 நல்லது.

இவ்வளவும் சொன்னபின், தவிர்க்க முடியாத கேள்விக்கு வருகிறேன். டி.எஸ்.எல்.ஆர். முடிந்துபோன கதையல்லவா? ஆம், பெருமளவுக்கு. 2018-இல் கேனானும் நிக்கானும் ஆடியில்லாக் கேமராக்களுக்கென்று புதிய லென்ஸ் வளையங்களை அறிமுகப்படுத்தின. 2020-க்குப் பிறகு இரண்டு நிறுவனங்களும் புதிய டி.எஸ்.எல்.ஆர். எதையும் வெளியிடவில்லை. டி3500-இன் உற்பத்தி முடிந்துவிட்டது. பெண்டாக்ஸ் மட்டும் 2021, 2022, 2023 ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வெளியிட்டுத் தனிவழி நடக்கிறது. கையில் போதிய பணம் இருந்து, கடையில் புதிதாகத்தான் வாங்குவேன் என்பவருக்கு ஆடியில்லாக் கேமராதான் சரியான விடை. கண்ணைக் கண்டுபிடித்துக் குவிப்பதிலும் காணொளியிலும் அது வெகுதூரம் முன்னே போய்விட்டது. பழைமை மீதான மோகத்தால் இதை மறைப்பது நேர்மையாகாது.

ஆனால் கற்றுக்கொள்ள விரும்பும், அளவான பணமுள்ள ஒருவருக்கு இந்த அந்திப்பொழுதே நல்ல வேளை என்று நினைக்கிறேன். காரணம் விலை மட்டும் அல்ல. ஆடியில்லாக் கேமராவின் காட்சித்துளையில் தெரிவது ஒரு சிறு திரை. எடுக்கப்போகும் படம் வெளிச்சமாக வருமா, இருட்டாக வருமா என்பது முன்கூட்டியே அதில் தெரிந்துவிடும். டி.எஸ்.எல்.ஆரின் துளையில் தெரிவது ஆடியில் பட்டுத் திரும்பி வரும் உலகம். படம் எப்படி வரும் என்பதை அது சொல்லாது. நாம்தான் ஊகிக்க வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன் கறுத்த முகம். கேமராவின் ஒளிமானி சுவரை நம்பி முகத்தை இருட்டாக்கும் என்று ஊகித்து, ஒரு படி கூட்டி, எடுத்து, பின்புறத் திரையில் சரிபார்க்கிறோம். ஊகித்ததற்கும் கிடைத்ததற்கும் இடையில் உள்ள தூரத்தில்தான் கல்வி நடக்கிறது. அந்தத் தூரத்தை முழுவதுமாக அழித்துவிட்ட கருவி வசதியானது. ஆனால் அது ஆசிரியராக இருக்காது.

லென்ஸில் போட்ட பணமும் வீணாகாது. கேனானின் பழைய லென்ஸ்கள் ஓர் இணைப்பு வளையத்தின் உதவியால் புதிய கேமராக்களில் குவியத்தோடு வேலை செய்யும். நிக்கானிலும் உள்ளே மோட்டார் கொண்ட லென்ஸ்கள் அப்படியே. 2018-இல் வந்த நிக்கானின் இணைப்பு வளையத்திலும் மோட்டார் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைக்கவேண்டும். 2006-இல் நீக்கப்பட்டது மறுபடியும் கிடைக்கவில்லை.

ஆகவே என் பரிந்துரை இது: ஒரு படி மேலே, சில ஆண்டுகள் பின்னே. பயன்படுத்தப்பட்ட கேமராக்களில், முதல் படியின் கடைசி மாதிரியைத் தேடுவதைவிட இரண்டாம் படியின் பழைய மாதிரியைத் தேடுங்கள். 2010-இல் வந்த நிக்கான் டி7000-இல் கண்ணாடிப் பட்டகம், முழுச் சட்டகத்தையும் காட்டும் துளை, இரண்டு சக்கரங்கள், உள்மோட்டார் எல்லாம் உண்டு. 16 மெகாபிக்சல் எதற்கும் போதும். அதே ஆண்டின் கேனான் 60டியும் அந்த வகை. முதல் படியிலேயே இவற்றையெல்லாம் கொடுத்த விதிவிலக்கு 2013-இன் பெண்டாக்ஸ் கே-50. ஆனால் அதற்கான லென்ஸ்களை நம் ஊர்களில் தேடி அலையவேண்டும். டி7000 பேட்டரியோடு 780 கிராம். இந்த எடை ஒத்துவராதவர்கள் டி3300-உம் 35 மி.மீ. லென்ஸுமாக நிறைவாக வாழலாம். அப்போதும் எது நீக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தே வாங்குகிறோம், அதுதான் முக்கியம்.

பழையதை வாங்கும்போது சில சோதனைகள். லென்ஸின் ஒரு முனையில் கைவிளக்கைப் பிடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். சிலந்திவலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். எஃப் 16-இல் வெள்ளைச் சுவரைக் குவியமில்லாமல் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சாரின் தூசி புள்ளிகளாகத் தெரியும். துடைத்தால் போகும் என்பதால் அஞ்சவேண்டாம், ஆனால் பேரம் பேசலாம். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதை நிக்கான் படக் கோப்பிலிருந்தே படித்துவிடலாம். கேனானில் பல மாதிரிகளுக்கு இது எளிதல்ல. அங்கே உடலின் தேய்மானத்தையும் விற்பவரின் முகத்தையும் படிக்கவேண்டும்.

நம் கடற்கரை ஊர்களில் இன்னோர் எதிரி ஈரம். சென்னையோ நாகப்பட்டினமோ யாழ்ப்பாணமோ, கேமராவைத் தோல் உறைக்குள் மூடி பீரோவில் வைப்பது பூஞ்சைக்குப் பாத்தி கட்டுவதற்குச் சமம். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றுப் புகாத சமையலறை டப்பா, அதில் சிலிகா ஜெல், ஒரு சிறிய ஈரமானி. ஈரப்பதம் 40-க்கும் 50-க்கும் இடையில் இருந்தால் போதும். சில நூறு ரூபாய்ச் செலவு, பல ஆயிரம் ரூபாய் லென்ஸைக் காக்கும். எல்லாவற்றிலும் சிறந்த காப்பு, வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

வாங்கியபின் ஒப்பீட்டுப் பட்டியல்களைப் படிப்பதை நிறுத்திவிடுங்கள். அவற்றின் வேலை முடிந்துவிட்டது. மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பகுதியைப் பயணத்துக்கும், ஒரு பகுதியைக் காகிதத்தில் அச்சிடுவதற்கும் ஒதுக்குங்கள். எடுத்த நூறில் ஒன்றையாவது அச்சிட்டு, அதில் இருப்பவர் கையில் கொடுங்கள். மேல்படிக்கு எப்போது போகவேண்டும் என்ற கேள்வியும் தானாகவே தீரும். இந்தப் படத்தை என் கேமராவில் இன்ன காரணத்தால் எடுக்க முடியவில்லை என்று ஒருநாள் நீங்கள் துல்லியமாகச் சொல்ல முடிந்தால், அன்று போகலாம். அதற்கு முன் அந்த அழைப்பு விற்பவருடையது, உங்களுடையது அல்ல.